அவள் அழுகையை நிறுத்திய நாள்

செங்கல்பட்டில் ஒரு தெரு இருக்கிறது. அந்தத் தெருவுக்குள் போவதில்லை என்று வைத்திருக்கிறேன். சுற்றிக்கொண்டுதான் போவேன். கூட வருகிறவர்கள் ஏன் என்று கேட்டால், நெரிசல் என்பேன். நெரிசல் இல்லாத தெரு செங்கல்பட்டில் எது என்று அவர்கள் திருப்பிக் கேட்பதில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிடுவார்கள். அந்தத் தெருவில் ஓர் ஆஸ்பத்திரி இருந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் என் மகள் அங்கே நான்கு நாள் கிடந்தாள். அப்போது அவளுக்கு ஒரு வயது ஆகவில்லை.

நான் அப்போது கல்பாக்கத்தை ஒட்டிய புதுப்பட்டினத்தில் டிவி, ரேடியோ ரிப்பேர் செய்துகொண்டிருந்தேன். வீட்டின் முன்னறைதான் கடை. டவுன்ஷிப்பில் குடியிருந்த ஆபீஸ்காரர்கள் வீட்டிலெல்லாம் கலர் டிவி வர ஆரம்பித்திருந்த காலம். வேலைக்குக் குறைவில்லை. என் அப்பா ஆயுசு முழுக்க அடுத்தவர் கழனியில் கூலிக்கு இறங்கியவர். நான் ஐ.டி.ஐ. முடித்துக் கடை போட்டவன். என் மனைவி ஒரு படி மேலே போய், அரசுப் பள்ளி ஆசிரியை ஆனாள். இரண்டு குடும்பத்துக்கும் சேர்த்து வந்த முதல் சர்க்கார் வேலை அது. ஆனால் போட்டது செங்கத்துக்கு அப்பால், மலையடிவாரத்தில் ஓர் ஊரில்.

மகள் பிறந்த பிறகு கிடைத்த விடுப்பு சீக்கிரமே முடிந்துவிட்டது. மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டுதான் வேலைக்குத் திரும்பினாள். அங்கே இன்னொரு டீச்சரோடு சேர்ந்து ஓர் அறையில் தங்கியிருந்தாள். பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள நம்பகமான ஆள் கிடைக்கவில்லை. ஒருநாள் வேறு வழியில்லாமல் பள்ளிக்குத் தூக்கிப் போனதற்குத் தலைமையாசிரியர் பிள்ளைகள் முன்னாலேயே கத்தினார். குழந்தைக்குக் காய்ச்சல் வந்து, போய், மறுபடி வந்தது. ஒரு மாதம் தாக்குப்பிடித்துவிட்டு ஊருக்கு வந்தாள். குழந்தையை என் மடியில் போட்டுவிட்டு, என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"நீங்க வச்சுப்பீங்களா?"

"வேற யாரு வச்சுக்குவா?" என்றேன்.

உண்மையிலேயே வேறு யாரும் இல்லை. என் அம்மா எனக்குக் கல்யாணம் ஆகும் முன்பே போய்விட்டாள். மனைவியின் அம்மாவால், பக்கவாதத்தில் படுத்துவிட்ட என் மாமனாரை விட்டு நகர முடியாது. அண்ணன் குடும்பம் திருக்கழுக்குன்றத்தில் இருந்தது. அண்ணிக்கு அவர்கள் பிள்ளைகளே போதும்.

வேலையை விடச் சொல் என்று எத்தனை பேர் சொன்னார்கள்! கடைக்கு வந்தவன், போனவன், எதிர்வீட்டுக்காரர், டீக்கடையில் பேப்பர் படிக்கிறவர். பெற்றவளுக்கு அப்படி என்ன வேலை, பச்சைக் குழந்தையை விட்டுவிட்டு என்று. அவர்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகச் சம்பளம் வந்துகொண்டிருந்தது. தலைமுறை தலைமுறையாக அடுத்தவன் கழனியில் நின்ற குடும்பத்துக்கு அந்த வேலை என்ன என்பது அவர்களுக்கு எங்கே புரியும்? நான் பதில் சொல்வதை நிறுத்திக்கொண்டேன். பேச்சு அந்தப் பக்கம் திரும்பினால் ஈயம் பற்றவைக்கும் அயனை எடுத்துச் சூடாக்க ஆரம்பித்துவிடுவேன்.

வேலை மேசைக்குப் பக்கத்தில் தூளி கட்டினேன். ஈயப் புகை அந்தப் பக்கம் போகாமல் ஃபேனைத் திருப்பி வைத்தேன். பாட்டில் கொதிக்க வைக்க, பால் பவுடர் கலக்க, துணி அலச, எல்லாம் கற்றுக்கொண்டேன். அவள் தவழத் தொடங்கியதும் திறந்து கிடக்கும் டிவிக்கு அருகில் வராதபடி பலகை அடித்து அடைத்தேன். அதில் ஹை வோல்டேஜ் தங்கியிருக்கும், தொட்டால் அவ்வளவுதான். அந்தப் பலகையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் எழுந்து நிற்கப் பழகினாள்.

குழந்தை ஓர் ஆளைத் தன் ஆளாக எப்படி ஆக்கிக்கொள்கிறது என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கண்ணெதிரே நடந்தது. முதலில் யார் தூக்கினாலும் போனாள். பிறகு மெல்ல மெல்ல என் குரல் கேட்டால் காலை உதைப்பாள். தூக்கம் வந்தால் என் காதைப் பிடித்துக்கொள்வாள். மடலை இரண்டு விரலால் நசுக்கிக்கொண்டேதான் கண் சொக்குவாள். எட்டு ஒன்பது மாதமானபோது நான் அறையை விட்டுப் போகக்கூடாது என்று ஆகிவிட்டது. குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே உட்கார்ந்து கத்துவாள். கதவைத் திறந்ததும் அழுகை நின்றுவிடும். என்னைப் பார்த்தாகிவிட்டது, அவளுக்கு அது போதும். திரும்பிப் போய் எதையாவது உருட்டிக்கொண்டிருப்பாள். உருட்டிக்கொண்டே நடுவில் ஒரு தடவை நிமிர்ந்து, நான் இருக்கிறேனா என்று பார்த்துக்கொள்வாள்.

"ரொம்ப செல்லம் குடுத்து கெடுத்து வச்சிக்கீற," என்றாள் எதிர்வீட்டு அம்மா. "அழ உடு. ரெண்டு நாள் அழுதா தானா அடங்கிடும்."

ஒருநாள் ஒருவன் கிரிக்கெட் மேட்சுக்கு முன்னால் டிவி தயாராக வேண்டும் என்று வந்து உட்கார்ந்தான். தெரிந்தவன்தான். நான் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு மீட்டர் பிடித்திருந்தேன்.

"இன்னா அண்ணாத்த, வூட்டுக்காரம்மா சம்பாரிக்கிது, நீ புள்ளய வளத்துகினு கீறியா? மாத்திப் பொறந்துட்டியா?" என்று சிரித்தான்.

நான் மகளைத் தூளியில் போட்டேன். அவன் டிவியின் பின்மூடியைத் தூக்கி டிவியின் மேலேயே வைத்து, மொத்தத்தையும் கொண்டுபோய் அவன் சைக்கிள் பக்கத்தில் இறக்கினேன்.

"எடுத்துகினு போ."

"ஏய், இன்னாபா... சொம்மா தமாசுக்கு சொன்னா..."

"எடுத்துகினு போடா."

மேட்சை அவன் எங்கே பார்த்தான் என்று எனக்குத் தெரியாது.

ஆனால் இதையெல்லாம்விடக் கடினமாக இருந்தது சனிக்கிழமை. மனைவி மதியம் அங்கே கிளம்பி, திருவண்ணாமலை, திண்டிவனம் என்று மாறி மாறி, செங்கல்பட்டில் இறங்கி மறுபடி ஒரு பஸ் பிடித்து, விளக்கு வைத்த பிறகு வீடு வந்து சேர்வாள். வாசலிலேயே பையைப் போட்டுவிட்டுக் கையை நீட்டுவாள். மகள் அவளைப் பார்ப்பாள். பிறகு என் கழுத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு அலறுவாள்.

முதல் சில வாரம் மனைவி சிரித்துச் சமாளித்தாள். பிறகு ஒருநாள் சமையலறையில் போய் உட்கார்ந்துகொண்டாள். வாரம் முழுக்கக் கட்டிக் கட்டிப் பால் வற்றிப்போயிருந்தது. அதைப் பற்றி அவள் என்னிடம் பேசியதில்லை.

"யாரோ தெருவுல போறவளப் பாக்குற மாதிரி பாக்குது," என்றாள்.

"கொஞ்ச நேரம் போனா வந்துடும்."

"நீங்க விட்டாத்தானே வரும்? கழுத்த விட்டு எறக்கவே மாட்டேங்கிறீங்க. ஒருநாள் அழட்டும். என்கிட்ட குடுத்துட்டு வெளிய போங்க."

"அது அழுறத வெளிய நின்னு கேக்கணுமா நானு?"

"நான் வாரம் பூரா அந்த அழுகையக்கூடக் கேக்க முடியாம இருக்கேனே?" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மாலைக்குள் மகள் மெதுவாக அவளிடம் போய்விடுவாள். அவள் மடியில் உட்கார்ந்து வளையலைக் கழற்றப் பார்ப்பாள். அதற்குள் பஸ் நேரம் வந்துவிடும். மறு சனிக்கிழமை எல்லாம் முதலில் இருந்து. எங்கள் இருவருக்கும் இடையில் அந்தக் குழந்தையை வைத்து ஒரு கயிறு இழுப்பு நடந்துகொண்டிருந்தது. இருவருமே தோற்றுக்கொண்டிருந்தோம். அந்தக் கயிற்றை எங்கள் கையில் கொடுத்தது, மலையடிவாரத்தில் போட்டுவிட்டு மூன்று வருஷம் ட்ரான்ஸ்பர் கேட்கக்கூடாது என்று சொன்ன ஆபீஸ். அது எங்களுக்கு அப்போது உறைக்கவில்லை. ஒருவரை ஒருவர் கடித்துக்கொண்டோம்.

வெயில் காலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை மகளுக்கு வாந்தி ஆரம்பித்தது. பிறகு பேதி. மதியத்துக்குள் கண் உள்ளே போய்விட்டது. உதடு காய்ந்து, அழுதால் கண்ணீர் வரவில்லை. தோளில் போட்டுக்கொண்டு செங்கல்பட்டுக்கு ஓடினேன். அந்த ஆஸ்பத்திரிக்குத்தான் போகச் சொன்னார்கள். மருத்துவத்தில் நான் குறை சொல்லவில்லை. உடனே படுக்க வைத்து, சின்னக் கையில் அட்டை வைத்துக் கட்டி, குளுக்கோஸ் ஏற்றினார்கள். அவளைப் பிழைக்க வைத்தது அவர்கள்தான். அதையும் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

சொட்டு இறங்க ஆரம்பித்ததும் நர்ஸ் என்னிடம் வந்தார்.

"அம்மா எங்க?"

"வெளியூர்ல டீச்சர். தந்தி குடுக்கப் போறேன்."

"அப்ப வேற லேடீஸ் யாரையாவது வரச் சொல்லுங்க. இது தாய்மார் வார்டு. ஜென்ட்ஸ் இருக்கக் கூடாது. சாயந்தரம் பார்வை நேரம் ஒரு மணி நேரம் வரலாம்."

"சிஸ்டர், இத வளக்கறதே நான்தான். என்ன உட்டு இருக்காது."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. ரூல்ஸ்னா ரூல்ஸ்தான். கைக்கொழந்தைக்கு யார் வச்சிருந்தா என்ன? பசிக்குப் பால் குடுத்தா சரி."

அந்த வாக்கியம் இன்றும் என் காதில் இருக்கிறது. அந்த நர்ஸ் கெட்டவர் இல்லை. வார்டு நிறையக் குழந்தைகளை ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்டிருந்தார். நம்பித்தான் சொன்னார். என் கோபமே அதுதான். கெட்ட எண்ணத்தோடு செய்திருந்தால் சண்டை போட்டுத் தீர்த்திருப்பேன்.

மனைவியின் பள்ளிக்குத் தந்தி கொடுத்தேன். அண்ணனுக்குச் சொல்லி அனுப்பினேன். அண்ணி பாவம், போட்டது போட்டபடி திருக்கழுக்குன்றத்திலிருந்து ஓடி வந்தாள். அண்ணி நல்லவள். ஆனால் என் மகள் அவளைத் திருவிழாவுக்கு ஒரு தரம், கல்யாணத்துக்கு ஒரு தரம் பார்த்திருப்பாள், அவ்வளவுதான். கையில் ஊசி, தெரியாத கட்டில், தெரியாத வாசனை, தெரியாத முகம். நான் வாசலைத் தாண்டுவதற்குள் மகள் போட்ட சத்தம் தெருவில் கேட்டது.

மறுநாள் சாயந்தரம் பார்வை நேரத்தில் போனேன். அழுது அழுது குரல் கம்மியிருந்தது. என்னைப் பார்த்ததும் ஊசி குத்திய கையோடு பாய்ந்தாள். என் காதைப் பிடித்தவள் விடவில்லை. தூங்கவும் இல்லை. தூங்கினால் நான் போய்விடுவேன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. கண்ணை இழுத்து இழுத்துத் திறந்து என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மணி அடித்தார்கள். நர்ஸ் வந்து அவள் விரலை ஒவ்வொன்றாக என் காதிலிருந்து பிரித்தார்.

"இதுக்குத்தான் சொல்றேன். நீங்க வந்தாத்தான் அழுவுது. நீங்க வரலைன்னா நல்லா இருக்கும். நாளைக்கு வராதீங்க."

அடுத்த நாள் வாட்ச்மேன் என்னை உள்ளே விடவில்லை. நர்ஸ் சொல்லியிருந்தார். நான் கத்தினேன். அவர் கேட்டைச் சாத்தினார். கட்டடத்தின் பக்கவாட்டில் குப்பைத்தொட்டி வைத்திருக்கும் சந்து ஒன்று உண்டு. வார்டின் ஜன்னல் அந்தப் பக்கம்தான். எட்டாத உயரம். அங்கே போய் நின்றேன். எத்தனை குழந்தை அழுதாலும் அவள் அழுகை எனக்குத் தனியாகத் தெரியும். கூப்பிடும் அழுகை அது. கொஞ்சம் அழுது, நிறுத்தி, யாராவது வருகிறார்களா என்று பார்த்து, மறுபடி அழும் அழுகை. அந்த இடைவெளி வர வர நீண்டது. பிறகு ஒரு கட்டத்தில் அடுத்த அழுகை வரவே இல்லை. நான் காத்திருந்தேன். வரவில்லை.

அதற்கு மறுநாள் காலையில் அண்ணி வெளியே வந்தாள். முகம் தெளிந்திருந்தது.

"தம்பி, இப்ப பரவால்ல. அழுவுறதே இல்ல. யார் தூக்கினாலும் போவுது. நர்ஸம்மாகூட சமத்தாயிடுச்சுன்னாங்க. உள்ள வா, பாரு. உன்ன உடச் சொல்லிட்டாங்க."

போனேன். கட்டிலில் சுவரைப் பார்த்துச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கையில் ஒரு பிஸ்கட். தின்னவும் இல்லை, கீழே போடவும் இல்லை. சும்மா பிடித்திருந்தாள். பேர் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பினாள். என்னைப் பார்த்தாள். ஒரு கதவையோ நாற்காலியையோ பார்ப்பது மாதிரி பார்த்துவிட்டு மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தூக்கினேன். துணி மூட்டை மாதிரி வந்தாள். அவள் கையை எடுத்து என் காதில் வைத்தேன். கை வழுக்கிக் கீழே விழுந்தது.

"பாத்தீங்களா, எவ்வளவு அமைதியாயிடுச்சு," என்றார் நர்ஸ், உண்மையான சந்தோஷத்தோடு.

கட்டிலில் உட்கார்ந்தேன். மகளை மடியில் வைத்துக்கொண்டேன்.

"நான் போவ மாட்டேன்," என்றேன்.

"சார், நேரம் ஆயிடுச்சு..."

"போவ மாட்டேன் சிஸ்டர். போலீஸக் கூப்புடுங்க. தூக்கிகினு போவச் சொல்லுங்க. இந்தக் கொயந்த இருந்த கொயந்த இல்ல. நீங்க இன்னா பண்ணீங்கன்னு உங்களுக்கே தெரியல."

வாட்ச்மேன் வந்தார். தோளில் கை வைத்தார். நான் எழவில்லை. பிறகு டாக்டர் வந்தார். வயதானவர், வெள்ளைச் சட்டை, மூக்கின் நுனியில் கண்ணாடி.

"என்னப்பா கலாட்டா? இது சத்திரம் இல்ல."

"டாக்டர், கொழந்த என்னப் பாக்க மாட்டேங்குது."

"பேதி நின்னுடுச்சு, யூரின் போவுது, பால் குடிக்குது. வேற என்ன வேணும் உனக்கு? வீட்டுக்குப் போனா எல்லாம் மறந்துடும். இந்த வயசுல நடந்தது எதுக்கு ஞாபகம் இருக்கப்போவுது? நீ வெளிய போ. இங்க தாய்மாருங்க பால் குடுக்குற இடம்."

அப்போதுதான் பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மா பேசினாள். கருங்குழிக்காரி. தன் குழந்தையை மார்பில் போட்டிருந்தாள்.

"தோ டாக்டரே, அந்தாளு இருந்துட்டுப் போட்டுமே. எங்களுக்கு இன்னா? அந்தப் புள்ள ரெண்டு நாளா அப்பா அப்பான்னு தேய்ஞ்சிகினு கெடந்துச்சு. இப்ப கெடக்குற கெடயப் பாக்க சகிக்கல. அவுரு இருந்தா எங்க மானம் ஒண்ணும் போயிடாது."

"அம்மா, ரூல்ஸ்..."

"இன்னா ரூல்ஸு? மறைப்பு ஓணும், அவ்ளோதானே?"

தன் பையிலிருந்து ஒரு புடவையை உருவினாள். ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டினாள். இன்னொரு முனை எட்டவில்லை. எதிர்க்கட்டிலில் இருந்த இன்னொருத்தி எழுந்து வந்து தன் புடவையை அதோடு முடிச்சுப் போட்டு, குளுக்கோஸ் ஸ்டாண்டில் இழுத்துக் கட்டினாள். எனக்கும் வார்டுக்கும் நடுவில் ஒரு சுவர் எழும்பிவிட்டது. டாக்டர் அந்தப் புடவையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "நாளைக்கு டிஸ்சார்ஜ் பண்ணி அனுப்பிடுங்க," என்று நர்ஸிடம் சொல்லிவிட்டுப் போனார். அதற்கு மேல் யாரும் என்னை எழுப்பவில்லை.

அன்று பகல் முழுக்க மகளை மடியில் வைத்திருந்தேன். எது கொடுத்தாலும் குடித்தாள். என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

மறுநாள் காலை மனைவி வந்தாள். பஸ்ஸிலிருந்து நேராக, தலைகூட வாராமல். தந்தி போன அன்றே பள்ளிக்குப் போயிருக்கிறது. தலைமையாசிரியர் வாங்கி மேசையில் வைத்துக்கொண்டார். இன்ஸ்பெக்ஷன் நடந்துகொண்டிருந்ததாம். டீச்சர் போய்விட்டால் வகுப்பை யார் காட்டுவது? இன்ஸ்பெக்டர் ஜீப் ஏறிய பிறகு, "உங்க பொண்ணுக்கு உடம்பு சரியில்லையாம்" என்று நீட்டியிருக்கிறார்.

இதை அவள் பிறகுதான் சொன்னாள். அப்போது புடவை மறைப்பை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தவள், வழக்கம்போல் கை நீட்டினாள். மகள் பார்த்தாள். அலறவில்லை. என் கழுத்தில் முகத்தைப் புதைக்கவும் இல்லை. புடவையில் இருந்த பூவைப் பார்க்க ஆரம்பித்தாள்.

மனைவியின் கை அப்படியே நின்றது.

"எப்பலேர்ந்து இப்படி இருக்கு?"

"நேத்தியிலேர்ந்து."

"உங்களக்கூடவா?"

"என்னக்கூடத்தான்."

அவள் கட்டிலின் அந்தப் பக்கம் உட்கார்ந்தாள். நான் வாயைக் குவித்துச் சத்தம் கொடுத்து மகளைத் திருப்பப் பார்த்தேன். மனைவி என் முழங்கையைப் பிடித்தாள்.

"கூப்பிடாதீங்க. பாவம், விடுங்க. அதுவா வரட்டும். நாம எங்கயும் போகாம உக்காந்திருப்போம்."

அதுவரை வாரா வாரம் யாரிடம் போகிறாள் என்று அடித்துக்கொண்டவர்கள் நாங்கள். இப்போது இருவரிடமும் வரவில்லை. அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் ஒரே பக்கம் வந்து நின்றோம். அதற்கு விலை கொடுத்தது என் மகள்.

வீட்டுக்கு வந்தோம். மனைவி சம்பளமில்லா விடுப்பு எழுதிப்போட்டாள். டாக்டர் சொன்னதுபோல் மகள் எதையும் மறந்துவிடவில்லை. வைத்த இடத்தில் இருந்தாள். ஊட்டினால் தின்றாள். நான் குளிக்கப் போனால் அழவில்லை. குழாயைத் திறந்துவிட்டுக் கதவில் காதை வைத்துக் கேட்டேன். ஒன்றும் இல்லை. பார்க்க வந்தவர்களெல்லாம் பாராட்டினார்கள்.

"ஆஸ்பத்திரிக்குப் போய் வந்து நல்லா திருந்திகீது பாரு," என்றாள் எதிர்வீட்டு அம்மா. "நான் அப்பவே சொன்னேன்ல, ரெண்டு நாள் அழ உட்டா அடங்கிடும்னு."

"வெளிய போங்க," என்றேன்.

"இன்னாது?"

"என் வூட்ட உட்டு வெளிய போங்க."

அந்த அம்மா அதற்குப் பிறகு எங்கள் வாசல் மிதிக்கவில்லை. நல்லது.

பத்துப் பன்னிரண்டு நாள் கழிந்திருக்கும். ஒரு மத்தியானம் அவளைத் தரையிலிருந்து தூக்கினேன். தினமும் தூக்குவதுபோலத்தான். தூக்கியதும் என்னைப் பார்த்தாள். நேராக, நெடுநேரம். பிறகு தோளில் பல் பதியக் கடித்தாள். வலியில் நான் கத்திவிட்டேன். விடவில்லை. முகத்தில் அறைந்தாள், தலைமயிரைப் பிடித்து இழுத்தாள், காதைப் பிடித்துத் திருகினாள், முதுகை வளைத்துக்கொண்டு வீடு அதிர அலறினாள். அத்தனை நாள் வராத அழுகை எல்லாம் மொத்தமாக வந்தது. மனைவி பின்கட்டிலிருந்து ஈரக்கையோடு ஓடி வந்தாள். வாங்கிக்கொள்ள வருகிறாள் என்று நினைத்தேன்.

"வேணாம், எறக்காதீங்க," என்றாள். "அடிக்கட்டும். நல்லா அடிக்கட்டும்."

அடித்தாள். மூக்கில் ரத்தம் வந்தது எனக்கு. நான் சிரித்தேனா அழுதேனா என்று தெரியவில்லை. அவ்வளவு கோபம் அந்தச் சின்ன உடம்புக்குள். எங்கே போயிருந்தாய், ஏன் விட்டுவிட்டுப் போனாய் என்று கேட்க வார்த்தை இல்லாதவள், கையாலும் பல்லாலும் கேட்டாள். கோபம் வருகிறது என்றால் இன்னும் எதிர்பார்க்கிறாள் என்று அர்த்தம். சமத்தாக இருந்தபோது அவள் எங்களிடம் எதையும் எதிர்பார்க்கவில்லை.

அடித்து ஓய்ந்ததும் மனைவியைப் பார்த்துக் கையை நீட்டினாள். அவளிடம் போய் அவளுக்கும் இரண்டு அடி வைத்தாள். மனைவி கன்னத்தைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

அதற்குப் பிறகும் எளிதாக இல்லை. மாதக்கணக்கில் என் சட்டையை விடாமல் திரிந்தாள். அந்த நர்ஸைப்போல் வெள்ளைப் புடவை கட்டிய எவரைக் கண்டாலும் ஒளிந்தாள். விடுப்பு முடிந்து மனைவி திரும்பிப் போக வேண்டி வந்தபோது, தான் கட்டியிருந்த புடவையை அவிழ்த்து என்னிடம் கொடுத்தாள்.

"இதத் தூளிக்குக் கட்டுங்க. தோய்க்காதீங்க. வாரா வாரம் வந்து மாத்திக் குடுக்கிறேன்."

அழுக்குப் புடவையில் பிள்ளையைப் போடுகிறான் என்று தெருவில் பேசினார்கள். பேசட்டும். சனிக்கிழமை பஸ் வரும் நேரத்துக்கு மகளைத் தூக்கிக்கொண்டு நான் ஸ்டாப்பில் போய் நிற்பேன். அம்மா திடீரென்று கதவில் வந்து நிற்கும் புது ஆளாக இருக்கக்கூடாது, நாங்கள் போய் அழைத்துவரும் ஆளாக இருக்கட்டும் என்று. முதலில் அழுதாள். பிறகு அழுகை குறைந்தது. ஒரு சனிக்கிழமை, பஸ்ஸிலிருந்து கடைசியாக இறங்கிய மனைவியைப் பார்த்ததும் என் இடுப்பிலிருந்தே இரண்டு கையையும் அவள் பக்கம் நீட்டினாள். மனைவி பையை ரோட்டிலேயே போட்டாள். பஸ்காரன் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுப் போனான்.

தலைமையாசிரியரை மனைவி சும்மா விட்டுவிடவில்லை. ஸ்டாஃப் ரூமில் எல்லா டீச்சர்களும் இருந்தபோது கேட்டிருக்கிறாள்: "சார், உங்க பேத்திக்கு உடம்பு சரியில்லன்னு தந்தி வந்தா, இன்ஸ்பெக்ஷன் முடியட்டும்னு மேசைல வச்சிருப்பீங்களா?" அவர் இதற்கு மெமோ கொடுத்தார். பதிலுக்கு அவள் மேலிடத்துக்கு எழுதினாள். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. மரியாதையாக ரிட்டையர் ஆனார், மாலை போட்டார்கள். இவளுக்கு ட்ரான்ஸ்பர் கிடைத்தபோது மகள் எல்.கே.ஜி. போய்க்கொண்டிருந்தாள். மதுராந்தகம் பக்கத்துப் பள்ளி. தினமும் வீடு திரும்பும் தூரம்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு டிவி ரிப்பேர் தொழில் படுத்தது. நான் டிஷ் மாட்டப் போனேன், பிறகு கல்பாக்கத்தில் ஒரு கான்ட்ராக்டரிடம் எலக்ட்ரிகல் வேலைக்குச் சேர்ந்தேன். மகள் வளர்ந்தாள். நன்றாகப் படித்தாள். ஊரில் அவளைப்போல் சண்டைக்காரி கிடையாது. கதவை அறைவாள், தட்டைத் தள்ளுவாள், ஆட்டோக்காரனிடம் அரை மணி நேரம் வாதாடுவாள். சொந்தக்காரர்கள் முகம் சுளிப்பார்கள், பொம்பளைப் பிள்ளைக்கு இத்தனை கோபம் ஆகாது என்று. நான் ஒரு தடவைகூட அவளை அடக்கியதில்லை.

பத்தாவது படிக்கும்போது அவள் அம்மா அவளிடம் இந்தக் கதையைச் சொன்னாள். மகள் கன்னத்தில் கை வைத்துக் கேட்டாள்.

"எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்லப்பா," என்றாள் என்னிடம், ஏதோ எனக்கு ஆறுதல் சொல்வதுபோல.

டாக்டரும் அதைத்தான் சொன்னார். ஞாபகம் இல்லாததெல்லாம் நடக்காததாக ஆகிவிடுமா? நான் வெளியூர் போனால் திரும்பும் பஸ் எது என்று தெரிந்துகொள்ளாமல் அவள் விட்டதில்லை. அந்தப் பஸ் தப்பினால் வாசலில் நிற்பாள். ஏன் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. எனக்குத் தெரியும்.

அண்ணன் சொல்வார், "உட்றா, புள்ள நல்லாத்தானே கீது, இன்னும் இன்னாத்துக்கு அதையே புடிச்சிகினு கீற?" என்று. நல்லாத்தான் இருக்கிறாள். பொத்தேரியில் காலேஜ் சேர்ந்தாள். ஹாஸ்டல் சாப்பாடு சரியில்லை என்று முதல் மாதமே வார்டனோடு சண்டை போட்டுவிட்டு எனக்குப் போன் செய்தாள். எதிர்முனையில் மூச்சுவிடாமல் கத்தினாள். நான் வேலையை நிறுத்திவிட்டு ஏணியிலிருந்து இறங்கி, கீழே உட்கார்ந்து முழுசாகக் கேட்டேன்.

"என்னப்பா, ஒண்ணும் சொல்ல மாட்டேங்கற? லைன்ல இருக்கியா?"

"இருக்கேன்," என்றேன். "நீ திட்டு."